மூன்றாவது பத்தியில் நான் அடித்த வரி

தம்பி,

நேற்று நீ போனை வைத்த வேகத்தில் என் காது வலித்தது. நான் அனுப்பிய நாலு பக்கத்தையும் படித்தாயா, இல்லை தலைப்பைப் பார்த்ததுமே கோபம் வந்துவிட்டதா, தெரியவில்லை. "என்னம்மா இது, செத்துப்போறதுக்கு அப்ளிகேஷன் போடுறியா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள், "அதுவும் அந்த ஆளு பேரு எதுக்கு முதல்ல இருக்கு?" என்றாய். அதோடு கட். உனக்குக் காகிதத்தின் மேல் பாதிக் கோபம், அந்தப் பெயரின் மேல் பாதிக் கோபம் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது. அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கோர்ட்டுக்கு மே மாத விடுமுறை, டைப் கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறேன். கம்ப்யூட்டரைத் திறந்து உனக்கு எழுதத் தொடங்கினேன். இரண்டு தடவையும் மனு மாதிரியே வந்தது, "மேற்படி" என்று. கோர்ட் வாசலில் முப்பது வருஷம் உட்கார்ந்தால் விரல் வேறு மாதிரிப் பேசாது போலிருக்கிறது. அதனால் அதை அணைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்திருக்கிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் காகிதத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் இதயத்தின் பம்ப்பிங் குறைந்துகொண்டே வருவதை நீயும் டாக்டரிடம் கேட்டாய். கால் வீங்குகிறது, மாத்திரை போட்டால் வற்றுகிறது, மறுபடி வீங்குகிறது. இப்போதைக்கு நன்றாகத்தான் இருக்கிறேன், மார்க்கெட்டில் பேரம் பேசும் தெம்பு இருக்கிறது. ஆனால் ஒருநாள் மீளவே முடியாத நிலைக்குப் போய், வாய் திறந்து சொல்லவும் முடியாமல் ஆகிவிட்டால், மெஷினில் மூச்சை இழுத்துக்கொண்டிருக்க வேண்டாம், வலிக்கு மட்டும் மருந்து கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்கள் என்று புத்தி தெளிவாக இருக்கும்போதே எழுதிவைப்பதுதான் அது. சட்டம் இதற்கு இடம் கொடுத்திருக்கிறது. இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட்டு, நோட்டரி முத்திரை வாங்கி, ஒரு நகலை நகராட்சியில் கொடுத்துவைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் குழுவாக உட்கார்ந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் எதுவும் நடக்கும். எனக்குச் சளி பிடித்தால் யாரும் ஓடிவந்து குழாயைப் பிடுங்க மாட்டார்கள், பயப்படாதே. மனசு மாறினால் நானே ரத்து செய்துகொள்ளலாம். அந்த நேரத்தில் எனக்காகப் பேச யார் யார் என்று பெயர் எழுத வேண்டும். முதல் பெயராக வக்கீல் கலியமூர்த்தியை எழுதினேன். இரண்டாவது இடத்தை உனக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.

நடுவில் எழுந்து போய் மோட்டாரை அணைத்துவிட்டு வந்தேன். தண்ணீர் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது, காது கேட்டும் மூளைக்குப் போகவில்லை. வக்கீல் பெயர் ஏன் முதலில் இருக்கிறது என்று கேட்டாயே, அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் உன் அப்பாவின் கடைசிப் பதினொரு நாளைச் சொல்ல வேண்டும். அந்த நாட்களில் நீ சென்னையில் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாய். அதற்குப் பிறகு ஏழு வருஷமாக, நடந்தது என்ன என்று உனக்கு நீயே ஒரு கதை வைத்திருக்கிறாய். அந்தக் கதை தப்பு. தப்பு என்று தெரிந்தும் திருத்தாமல் இருந்தவள் நான்.

எரிவாயுக் குழாய் நம் ஊர் வயல்களில் நுழைந்த வருஷம் உனக்கு நினைவிருக்கும். சம்பா கதிர் பிடிக்கிற நேரத்தில் மண்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்து பயிரோடு சேர்த்துத் தோண்டினார்கள். உன் அப்பா சின்ன வயதில் பண்ணையில் வேலை பார்த்த வயலுக்குப் பக்கத்திலேயே பிற்பாடு ஐந்து மா நிலம் வாங்கினவர். தன் பெயரில் பட்டா வந்த அன்று அதை லேமினேஷன் போட்டு யேசு படத்துக்குக் கீழே மாட்டின மனுஷன். ஊரே சாலையில் உட்கார்ந்தது. நான் போக வேண்டாம் என்றேன். கோர்ட் வாசலில் இருக்கிறவளுக்குத் தெரியாதா, கூட்டத்தில் யார் கல்லெறிந்தாலும் முன்வரிசையில் இருக்கிறவன் பெயர்தான் எஃப்.ஐ.ஆரில் ஏறும் என்று. "பயிர் கழுத்துல கத்தி வெக்கிறான், நான் வீட்டுல உக்காந்து மோர் குடிக்கவா?" என்றார். நானும் கோபத்தில், "போங்க, உள்ள போனா நான் வந்து பாக்க மாட்டேன்" என்றேன். சாயங்காலம் ஜீப் எரிந்தது, தடியடி நடந்தது, வேனில் ஏற்றினார்கள். கொலைமுயற்சி வரைக்கும் பிரிவு போட்டிருந்தார்கள். உன் அப்பாவுக்குக் கோழி அறுக்கவே கை நடுங்கும் என்று உனக்குத் தெரியும்.

சிறையில் மூன்றாம் வாரம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து, கைதிகளுக்கான வார்டில் இடமில்லை என்று பொது வார்டிலேயே ஓர் ஓரமாகப் போட்டிருந்தார்கள். வலது கை, வலது கால் விழுந்துவிட்டது. இடது காலைக் கட்டிலோடு சேர்த்துச் சங்கிலி போட்டிருந்தார்கள். இருக்கிற ஒரே நல்ல காலுக்குச் சங்கிலி. மாஜிஸ்ட்ரேட் எழுத்தில் அனுமதி கொடுக்காமல் நோயாளியைக் கட்டிலோடு பிணைக்கக் கூடாது என்று நானே எத்தனையோ மனுவில் தட்டியிருக்கிறேன். காவலுக்கு நின்ற போலீஸ்காரரிடம் சொன்னேன். உன் வயது இருக்கும் அவருக்கு. "மேலேருந்து சொல்றாங்கம்மா, என்னைத் தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த துண்டை வாங்கிச் சங்கிலிக்கு அடியில் சுற்றிவிட்டார். எனக்கு அழுகை வந்தது அப்போதுதான், சங்கிலியைப் பார்த்து இல்லை. பார்க்க வர மாட்டேன் என்று சொன்னவள் பதினொரு நாளும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் கிடந்தேன்.

எட்டாம் நாள் அவருக்கு வாய் கொஞ்சம் தெளிந்தது. டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். மூளையில் ரத்தக்கசிவு பெரியது, இன்னொன்று வரும், அதைத் தாங்க மாட்டார், சில நாட்கள்தான் என்று. திரும்பி வந்து பார்த்தால் அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மறைத்தால் மறையுமா? "இந்தா பாரு," என்றார், குழறிக் குழறி. "கொழா கிழா சொருக வேணாம். வீட்டுக்குக் கொண்டுபோயிடு. வெலங்கோட மட்டும் வேணாம்." அவ்வளவுதான் அவர் கேட்டது. நம் பக்கத்தில் டாக்டர் கைவிட்டவரை வேன் வைத்துக் கொண்டுவந்து, கூடத்தில் படுக்கவைத்து, வாயில் பால் விட்டு அனுப்புவதுதானே வழக்கம். வசதி இல்லாதவன் வீட்டிலும் அது நடக்கும். ஆனால் காவலில் இருக்கிறவருக்கு அது நடக்காது. டாக்டரம்மாவிடம் கேட்டேன். "ஜாமீன் கெடச்சா இன்னிக்கே அனுப்பறேம்மா. கஸ்டடியில இருக்கற வரைக்கும் நான் எதையும் நிறுத்தவும் முடியாது, வீட்டுக்கு விடவும் முடியாது" என்றார். ஆகவே எல்லாம் ஒரு ஜாமீன் உத்தரவில் வந்து நின்றது.

வக்கீல் கலியமூர்த்தி அன்று மத்தியானமே வந்தார். நம் ஊர் ஆட்கள் அத்தனை பேருக்கும் அவர்தான் ஆஜர். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து, மடியில் ஃபைலை வைத்துக்கொண்டு, என் பெயரில் ஒரு பிரமாணப் பத்திரத்தைக் கையாலேயே எழுதினார். மூன்றாவது பத்தியில் இப்படி எழுதியிருந்தார்: "என் கணவர் மீள வாய்ப்பில்லாத நிலையில் உள்ளார். அவர் சில நாட்களே உயிருடன் இருப்பார் என்று மருத்துவர் கூறுகிறார். அவருடைய கடைசி நாட்களைச் சொந்த வீட்டில் கழிக்க அனுமதிக்க வேண்டுகிறேன்." எந்தப் பிரிவில் கேஸ் இருந்தாலும் நோயாளிக்கு ஜாமீன் கொடுக்கச் சட்டத்தில் தனியாக இடம் இருக்கிறது. "டாக்டர்கிட்ட ஒரு சர்டிபிகேட் கேட்டு எழுதிக் குடும்மா, இதோட சேத்து வெச்சா நாளைக்கே ஆர்டர் வாங்கிடறேன்" என்றார். காகிதத்தை என்னிடம் கொடுத்துவிட்டு, வேறு கேஸுக்காக மயிலாடுதுறைக்குக் கிளம்பிவிட்டார். நான் டைப் அடித்து, நோட்டரி முத்திரை வாங்கி, மறுநாள் காலை அவர் ஜூனியரிடம் சேர்த்துவிட வேண்டும். முப்பது வருஷமாக நான் செய்கிற வேலை, கண்ணைக் கட்டிக்கொண்டும் செய்வேன்.

இங்கே சிரிக்காதே. ஜாமீன் மனு என்றால் நெஞ்சுவலி இல்லாமல் நான் தட்டியதே கிடையாது. சண்டையில் மண்டையை உடைத்தவன், மணல் லாரி ஓட்டியவன், அத்தனை பேருக்கும் என் விசைப்பலகையில் ரத்தக்கொதிப்பு இருந்தது. கிழவிகள் "மரணப்படுக்கையில்" இருந்தார்கள், மறு வாரமே கோர்ட் வாசலில் இளநீர் குடித்தார்கள். அப்படிப்பட்ட நான், என் கடையில் உட்கார்ந்து அந்த மூன்றாவது பத்திக்கு வந்ததும் நின்றுவிட்டேன். "என் கணவர்" வரைக்கும் அடித்தேன். அடுத்த வார்த்தைக்கு விரல் போகவில்லை. கழுத்தில் தாலி இருக்கிறவள், தன் கையாலேயே, புருஷன் சாகப்போகிறான் என்று எழுதிக் கையெழுத்தும் போடுவதா? நம் தெருவில் எந்தப் பொம்பளையும் அதை வாயால்கூடச் சொல்ல மாட்டாள். ஆள் இழுத்துக்கொண்டிருந்தாலும் "கொஞ்சம் தேவலாம்" என்றுதான் சொல்வாள். எழுதிவிட்டால் அது பலித்துவிடும், நான் எழுதியதால்தான் போனார் என்று ஆகிவிடும் என்று எனக்கு உடம்பெல்லாம் பதறியது. கோயிலில் முன்வரிசையில் உட்கார்ந்து ஞானப்பாட்டு பாடுகிறவள்தான் நான். ஆனாலும் அந்தப் பயம் போகவில்லை. பேனாவை எடுத்து, வக்கீல் எழுதிய காகிதத்தில் இருந்த அந்த மூன்று வரியையும் அடித்துவிட்டேன். அந்த இடத்தில், "என் கணவர் உடல்நலக் குறைவால் சிகிச்சை பெற்று வருகிறார்" என்று தட்டினேன். டாக்டரம்மாவிடம் சர்டிபிகேட்டும் கேட்கவில்லை. அதைக் கேட்டால் அவர் எழுதுவார் அல்லவா.

தாலிதான் முழுக் காரணமா என்று நானே என்னைக் குடைந்துகொண்டிருக்கிறேன். போகாதே என்று சொன்ன பேச்சைக் கேட்காமல் போனாரே என்ற ஆத்திரம் அடியில் கிடந்ததா? அவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்க்கத் தைரியம் இல்லாமல் போனதா? ஒரு நாள் ஒன்று தோன்றுகிறது, மறுநாள் இன்னொன்று. எதுவானாலும் கோடு போட்ட கை என்னுடையது.

மறுநாள் வெள்ளிக்கிழமை, மனு விசாரணைக்கு வந்தது. வக்கீல் கோர்ட்டுக்குள் போகும்போதுதான் ஜூனியர் கொடுத்த காகிதக் கட்டைப் பார்த்தார். நான் பின்பெஞ்சில் இருந்தேன். அவர் மூன்றாவது பத்தியைப் படித்தார், திரும்பி என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஜட்ஜ் கேட்டார், "உயிருக்கு ஆபத்தான நிலையா? ஆவணம் ஏதாவது இருக்கா?" வக்கீல் வாயால் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். எதிர்த்தரப்பில், மனைவியே அப்படிச் சொல்லவில்லையே என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்கள். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, காகிதத்தில் இருப்பதைத்தானே அவர்கள் படிப்பார்கள். மருத்துவ அறிக்கையோடு திங்கட்கிழமை வரட்டும் என்று ஒத்திவைத்தார்கள். சனிக்கிழமை இரண்டாவது கசிவு வந்தது. அவர் வேண்டாம் என்ற குழாயைத் தொண்டையில் சொருகினார்கள். ஞாயிற்றுக்கிழமை காலை, கோயில் மணி அடிக்கிற நேரத்தில் போய்விட்டார். டாக்டரம்மா நேரம் எழுதினார். அதற்குப் பிறகுதான் சங்கிலியைக் கழற்றினார்கள்.

காவலில் இறந்தால் மாஜிஸ்ட்ரேட் விசாரணை, வீடியோ எடுத்துக்கொண்டே பிரேதப் பரிசோதனை, எல்லாம் முறைப்படி. இந்த முறைகள் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், அது இல்லாவிட்டால் எத்தனையோ சாவு கேட்பாரில்லாமல் போகும். ஆனால் கூடத்தில் பால் விட்டு அனுப்ப வேண்டிய மனுஷனை, தைத்துப் பொட்டலமாகத்தான் வாங்கினேன். நீ வந்து இறங்கி நேரே கல்லறைத் தோட்டத்துக்குத்தான் வந்தாய். அங்கே, போதகர் ஜெபத்தை முடிப்பதற்குள், வக்கீலின் சட்டையைப் பிடித்தாய். "மெடிக்கல் கிரவுண்டு போடத் தெரியாதவனெல்லாம் எதுக்கு கறுப்புக் கோட்டு மாட்டிக்கிறீங்க? எங்கப்பாவக் கொன்னது நீங்கதான்" என்று கத்தினாய். ஊரே கேட்டது. அவர் உன் கையைக்கூட விலக்கவில்லை. நான் இரண்டடி தூரத்தில் நின்றேன். என் வாயில் வார்த்தை இருந்தது, வெளியே வரவில்லை. பிறகு ஒருநாள் அவர் அலுவலகத்துக்குப் போய், "அண்ணே, அவன்கிட்ட சொல்லிடறேன்" என்றேன். "இப்ப வேணாம்மா," என்றார். "அப்பாவும் போயி, அம்மா மேலயும் வெறுப்பு வந்தா புள்ள எங்க போவான்? என் மேலயே இருந்துட்டுப் போகட்டும், எனக்கு இதெல்லாம் பழக்கந்தான்." அவர் கொடுத்த அந்தச் சலுகையை நான் ஏழு வருஷம் அனுபவித்துவிட்டேன்.

உன் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வைக்கக் கூடாது என்று நீ ஒற்றைக்காலில் நின்றாய். நானும் சரி என்றேன். ஆனாலும் அவர் வந்தார், தெரியுமா? கோயிலுக்கு எதிரே, சர்பத் கடை நிழலில், வெள்ளை வேட்டியோடு நின்றார். நீயும் மருமகளும் படியிறங்கி வந்ததைப் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, சாப்பிடாமலே போய்விட்டார். அன்று பந்தியில் எனக்குச் சோறு இறங்கவில்லை. பி.பி. என்று எல்லோரிடமும் சொன்னேன். ஆட்சி மாறி, அந்தப் போராட்ட வழக்குகளை எல்லாம் வாபஸ் வாங்கினபோது, பட்டியலில் உன் அப்பா பெயர் இல்லை என்று நீ கொதித்தாய். இறந்தவர் மேல் வழக்கு அன்றைக்கே அற்றுப்போய்விடும், அதனால் வாபஸ் வாங்க ஒன்றும் இருக்காது. அப்படியும் அந்த உத்தரவில் ஒரு வரி சேர்க்கச் சொல்லி, வக்கீல் அலுவலகம் அலுவலகமாக அலைந்தார். கிடைக்கவில்லை. அதையும் உன்னிடம் யாரும் சொல்லவில்லை.

புத்தி சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது என்று நீ கேட்கலாம். ஒன்றே ஒன்று சொல்கிறேன். நாளைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு டாக்டர் உன்னைத் தனியாகக் கூப்பிட்டால், உனக்கும் அந்தப் பதற்றம் வரும். எல்லாம் செய்யுங்கள், எதையும் விடாதீர்கள் என்று சொல்லத் தோன்றும். அது பாசமாகத்தான் தெரியும், எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஆனால் படுத்திருக்கிறவர் என்ன கேட்டார் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள். நான் அதை மறக்கவில்லை தம்பி, நன்றாக நினைவில் வைத்துக்கொண்டேதான் அந்த வரிகளின் மேல் கோடு போட்டேன். போன வாரம் எனக்கான காகிதத்தைத் தட்டும்போது அதே வார்த்தைகள் வந்தன, "மீள வாய்ப்பில்லாத நிலையில்" என்று. ஒரே மூச்சில் அடித்தேன், ஒரு எழுத்துப் பிழைகூட இல்லை. அவருக்கு எழுத முடியாததை எனக்கு எழுத முடிந்ததே என்று வெகுநேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கடைக்கும் வாசலுக்குமாக நடந்தேன். முத்திரைத்தாள் விற்கிறவர், "என்னக்கா, ஏதாவது தொலஞ்சுபோச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வரும் சனிக்கிழமை பத்து மணிக்கு நோட்டரியிடம் கையெழுத்துப் போடுகிறேன். நீ வராவிட்டாலும் போடுவேன். அப்போது அதில் ஒரு பெயர்தான் இருக்கும், அவர் எனக்காகப் பேசுவார், நான் கேட்டதைத்தான் பேசுவார் என்ற நம்பிக்கை எனக்கு இருக்கிறது. ஆனால் என் பிள்ளை இருக்கும்போது அந்தப் பாரத்தையும் அவர் ஒருவரே சுமப்பதா என்றுதான் கிடந்து தவிக்கிறேன்.

இத்துடன் பழைய காகிதம் ஒன்றை வைத்திருக்கிறேன். ஏழு வருஷமாகப் பைபிளுக்குள் இருந்தது, மடிப்பில் கிழியப் பார்க்கிறது, பதமாகப் பிரி. மூன்றாவது பத்தியில் கறுப்பு மையில் இருப்பது வக்கீலின் எழுத்து. அதன் மேல் நீல மையில் இருக்கும் கோடுகள் என்னுடையவை.

சனிக்கிழமை பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே என்னிடம் வராதே. வக்கீல் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில்தான் இருக்கிறது, உனக்குத் தெரியும். இந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் அங்கே போ. கல்லறைத் தோட்டத்தில் அவரைப் பார்த்துச் சொன்ன சொல்லைத் திரும்ப வாங்கிக்கொள். அதற்குப் பிறகும் என் முகத்தில் விழிக்க உனக்கு மனசிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து வாங்க. பத்தரை வரைக்கும் பேனாவை மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

அம்மா